கிளைகளால் மூடிய பெண்மான்

செப்டம்பர் மாதத்தில் மலையில் சந்திக்கும் எந்த மனிதரையும் நான் நம்புவதில்லை. மற்ற மாதங்களிலும் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் செப்டம்பர் வேட்டை மாதம்; அவர்கள் கையில் துவக்கு இருக்கிறது.

இது பிறவிக் குணமல்ல, தொழில் தந்த குணம். ஓய்வு பெறும்வரை சுவிஸில் கூர் நகரில் ஓர் அலுவலகத்தில் வாகனப் பதிவு பார்த்தேன். மோதிய காரை மோதாத கார் என்று சொல்ல வருகிறவர்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. யாழ்ப்பாணத்தில் படித்த பொருளியல் அங்கே எதற்கும் உதவவில்லை. விதிகள் உதவின. ஒரு விதியை அதன் உட்பிரிவோடு சேர்த்துச் சொன்னால் சுவிஸ்காரர் சற்று நேரம் மௌனமாகிவிடுவார் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்த மௌனத்துக்குள் ஓர் அகதி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்னால், கூட வேலை செய்த ஒருவரின் தூண்டுதலில் வேட்டைப் பரீட்சை எழுதினேன். சட்டப் பாடத்தில் நான் எடுத்த புள்ளியைப் பார்த்துப் பரீட்சகர் என்னைச் சந்தேகப்பட்டார். என் மனைவி அதற்கும் மேலே போனாள். மற்றவர்களின் புருஷன்மார் பென்ஷன் எடுத்தால் கோயில் சபையில் சேருகிறார்கள், இவர் துவக்கு வாங்கியிருக்கிறார் என்று கனடா வரைக்கும் தொலைபேசியில் சொன்னாள். செப்டம்பர் பாதியில் புரட்டாசி பிறந்துவிடும். அவள் சனிக்கிழமை விரதம் இருக்கும் வீட்டுக்கு நான் இறைச்சியோடு வந்து இறங்குவேன். அதற்காகவே தனியாக ஒரு குளிர்ப்பெட்டி நிலவறையில் வைத்திருக்கிறோம். அதன் பக்கம் அவள் போவதில்லை.

பிறகு அவளுடைய தம்பிக்கும் இந்தப் பித்துப் பிடித்தது. அவன் பள்ளத்தாக்கின் மேல்பக்கத்தில் ஒரு கிராமத்து ஹோட்டலில் சமையல்காரன். குசினி மூடியிருக்கும் பிற்பகல்களில் கைத்தொலைபேசியில் அமெரிக்க வேட்டைக் காணொளிகள் பார்ப்பான். கழுதைக் காது போலப் பெரிய காதுள்ள ஒரு மான் அங்கே உயர்மலைகளில் இருக்கிறதாம். அதை வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுகிறார்கள். அந்த மனிதர்களின் நாள் ஒழுங்கு முழுவதும் அவனுக்கு மனப்பாடம். பரீட்சை பாஸ் பண்ணி, அனுமதி எடுத்து, முதல் தடவையாக என்னோடு மலைக்கு வந்தபோது, அந்த ஒழுங்கைத்தான் எனக்குப் படிப்பித்தான்.

விடியும்போது மானை நெருங்கவே கூடாது என்பான். எதிர்ச் சரிவில் படுத்துக்கொண்டு தொலைநோக்கியால் மேய்வதைப் பார்க்க வேண்டும். வெயில் ஏற ஏற அவை நிழல் தேடிப் போகும். எந்தப் பாறைக்கு அடியில், எந்தப் புதருக்குப் பின்னால் படுக்கின்றன என்று கண் எடுக்காமல் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதிகாலைக் குளிர்க்காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் நிலத்தைச் சூடாக்கியதும் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும். அப்படித் திரும்பி நிலைத்த பிறகு, சுற்றிப் போய் மானுக்கு மேலே ஏறி, அங்கிருந்து இறங்க வேண்டும். கடைசித் தூரத்தைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்க வேண்டும்.

என் ஒழுங்கு வேறு. நான் ஓரிடத்தில் இருப்பேன். மான் வந்தால் வரும். வராவிட்டால் தேத்தண்ணீர் குடிப்பேன். துவக்கு இருக்கும்போது எதற்கு அவ்வளவு கிட்டப் போக வேண்டும் என்று கேட்டேன். கிட்டப் போவதுதான் வேட்டை, மற்றதெல்லாம் சுடுவது என்றான். பிரச்சினை அதுவல்ல. இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடுவது குற்றம். மலையில் நாங்கள் தங்கும் மரக்குடிலுக்கு அவன் கொண்டுவந்த சாமான்களில் நீளமான, கறுத்த, சிப் போட்ட பை ஒன்று இருந்தது.

“உதுக்குள்ளை என்னடா?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை அத்தான், சாமான்” என்றான். அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டித் தள்ளினான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் அவனுடைய குடியுரிமை விண்ணப்பம் போயிருந்தது. இந்த நாட்டில் குடியுரிமை தலைநகர் பேர்னில் இருந்து கிடைப்பதல்ல. முதலில் கெமைண்டே, அதாவது நாம் வாழும் ஊரின் நிர்வாகம், சம்மதிக்க வேண்டும். ஊர்க்காரர் சிலர் சேர்ந்த குழு ஒன்று கூப்பிட்டு இருத்திக் கேள்வி கேட்கும். அவனுக்கு அந்த நேர்முகம் ஒக்டோபரில். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் விண்ணப்பம். வேட்டைச் சட்டத்தில் ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் அதோடு சரி. மறுபடி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒருவன் வில்லோடு மலைக்கு வருவானா? வருவான். என் கண்ணாடிக்கு முன்னால் அதைவிட மோசமானவற்றையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பையை இழுத்துத் திறந்தேன். உள்ளே இருந்தவை மெல்லிய இரும்புக் கம்பிகள். நடுவில் றப்பர் வளையம் போட்டு, விரித்தால் துவக்கைத் தாங்கும் கவையாக நிற்கும்படி செய்திருந்தான். கம்பிகளின் நுனியில் இருந்த பித்தளைக் குமிழை எனக்குத் தெரியும். அவை என் வீட்டு வரவேற்பறையின் திரைச்சீலைக் கம்பிகள். திரைச்சீலை துவைக்கப் போயிருக்கிறது என்று மனைவி கோடை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் வாளியோடு வாசலில் நின்றான்.

“அக்காவிட்டைக் கேட்டுத்தான் எடுத்தனான்” என்றான். கொஞ்சம் பொறுத்து, “நீங்கள் திறப்பியள் எண்டு அக்கா முதலே சொன்னவா” என்றான்.

எங்கள் குடிலுக்குக் கீழே, தொட்டியில் ஊற்று நீர் விழும் இடத்துக்கு அப்பால், இன்னொரு குடில் இருந்தது. அது என் மச்சானின் கிராமத்தில் மர ஆலை வைத்திருப்பவருடையது. பெரிய உருவம், சிறிய வார்த்தைகள். வேட்டையில் அவர் தகப்பனும் பாட்டனும் பெயர் எடுத்தவர்கள். ஊரின் குடியுரிமைக் குழுவிலும் அவர் ஒருவர். இதை மச்சான் எனக்கு மலைக்கு வந்த பிறகுதான் சொன்னான். முன்பே தெரிந்திருந்தால் வேறு மலைக்குப் போயிருப்பேன். நாங்கள் அவருக்கு மேலே இருக்கிறோம், அவர் எங்களைத் தொலைநோக்கியால் பார்க்கிறார், ஒக்டோபரில் அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார். அவர் காலையில் கை அசைத்தால், எதற்காக அசைக்கிறார் என்று மதியம் வரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மாலை, வெளிச்சம் மங்கும் நேரம், கீழே ஒரு வெடி கேட்டது. நான் குடில் வாசலில் இருந்தேன். மச்சான் இன்னும் வந்து சேரவில்லை. கொஞ்ச நேரத்தில் மர ஆலைக்காரர் தொட்டியடிக்கு வந்தார். கைகளை முழங்கை வரை கழுவினார். என்ன விழுந்தது என்று மேலிருந்தே கேட்டேன். ஒன்றுமில்லை, தவறிவிட்டது என்றார். தவறிய வெடிக்கு யாராவது முழங்கை வரை கழுவுவார்களா? இதை நான் கேட்கவில்லை, நினைத்தேன். மச்சான் இருட்டுக்குச் சற்று முன் வந்தான். அவனும் எதையும் காணவில்லை என்றான்.

மறுநாள் அவன் தன் அமெரிக்க ஒழுங்குப்படி விடிய முன் கிளம்பி எதிர்ச் சரிவுக்குப் போனான். நான் என் இடத்தில் இருந்தேன். காலை முழுவதும் பள்ளத்தாக்கில் ஒரு வெடிச்சத்தமும் இல்லை. வெயில் நன்றாக ஏறிய பிறகு அவன் திரும்பி வந்தான். சப்பாத்து கையில், காலுறை நனைந்திருந்தது. சட்டைக் கையில் இரத்தம்.

வெடி இல்லாமல் இரத்தம். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வில்தான். பையில் இல்லாவிட்டால் என்ன, மரத்தடியில் எங்காவது ஒளித்து வைத்திருக்கலாம். நான் வாய் திறக்கும் முன் அவனே சொன்னான். படுத்திருந்த மான்களுக்கு மேலே போவதற்காகச் சுற்றி இறங்கியபோது, புதருக்குள் புதிதாக முறித்த கிளைகள் குவிந்து கிடந்தன. ஒன்றை விலக்கினான். கீழே ஒரு பெண்மான் செத்துக் கிடந்தது. புரட்டிப் பார்த்திருக்கிறான். மடி நிறையப் பால்.

பால் கொடுக்கும் மானைச் சுடக் கூடாது. தெரியாமல் சுட்டுவிட்டால் அதற்கும் ஒழுங்கு இருக்கிறது: உடனே வேட்டைக் காவலரை அழைத்து, நான்தான் சுட்டேன் என்று சொல்லி, மானை ஒப்படைக்க வேண்டும். அபராதம் உண்டு, ஆனால் தாங்கக்கூடியது. நல்ல வேட்டைக்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. சொன்னவரை யாரும் பழிப்பதில்லை. சுட்டுவிட்டு மறைத்தால் அது வேறு கதை. அது நீதிமன்றம் வரை போகும், அனுமதி போகும், ஊரில் பெயரும் போகும்.

“ஆர் சுட்டது?” என்று கேட்டேன்.

“எனக்கெப்பிடித் தெரியும்?”

அவன் முகம் கழுவப் போனதும் நான் அவனுடைய துவக்கை எடுத்துக் குழலை மணந்து பார்த்தேன். வெடித்த மணம் இல்லை. அவன் போன கிழமை பூசிய எண்ணெய்தான் மணந்தது. திரும்பினால் அவன் துவாயோடு நின்றுகொண்டிருந்தான்.

“மணக்குதோ அத்தான்?”

“ஒரு ஒழுங்குக்குப் பாத்தனான்.”

“அப்ப உங்கடையையும் நான் ஒருக்கா மணந்து பாக்கட்டோ?”

நான் பேச்சை மாற்றினேன். முதல்நாள் மாலை கீழே கேட்ட வெடியையும், மர ஆலைக்காரர் முழங்கை வரை கழுவியதையும் சொன்னேன். காவலருக்குச் சொல்ல வேண்டும் என்றேன். மச்சான் மரக்குற்றியில் குந்தி, காலுறையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். நான் என் அலுவலகக் குரலில் விளக்கினேன்: காவலரிடம் நாய் இருக்கிறது, நாய் எப்படியும் மானைக் கண்டுபிடிக்கும், அப்போது அங்கே இருப்பது உன் கால்தடம், உன் சட்டையில் அதன் இரத்தம். இந்த மாநிலத்தில் எல்லோரும் ஒரே தடிப்பான குண்டையே பாவிப்பதால் காயத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதும் கஷ்டம். முந்திச் சொல்பவன் சாட்சி, பிந்திச் சொல்பவன் குற்றவாளி.

“அங்காலை இருக்கிறவர் ஆர் எண்டு தெரியும்தானே?” என்றான். “நான் அவரைக் காட்டிக் குடுத்திட்டு, அடுத்த மாசம் அவருக்கு முன்னாலை போய் இருக்க வேணும். அந்தக் குழுவிலை இருக்கிறவையள் எல்லாரும் ஒண்டாப் படிச்ச ஆக்கள், அத்தான். பேசாம விடுவம். நான் அந்தப் பக்கம் போகேல்லை. அவ்வளவுதான்.”

சட்டப்படி அது முடியாது என்றேன்.

“உங்களுக்குப் பாஸ்போட் கையிலை இருக்கு. நீங்கள் சட்டம் கதைக்கலாம்.”

நான் தேத்தண்ணீர் வைக்கப் போனேன்.

அப்படி இருக்கும்போதுதான் மர ஆலைக்காரர் மேலேறி வந்தார். அந்த மலையில் நான் வேட்டையாடிய காலமெல்லாம் அவர் எங்கள் குடில் வாசலுக்கு வந்ததில்லை. அன்று காய்ந்த இறைச்சித் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தன் வீட்டில் காய வைத்தது, ருசித்துப் பாருங்கள் என்று மேசையில் வைத்தார். குடிலுக்குள் கண்ணை ஓட்டினார். கொடியில் காயப் போட்டிருந்த சட்டையில் அவர் பார்வை நின்றது. மச்சான் சட்டைக் கையைத் தேய்த்துக் கழுவியிருந்தான். ஆனால் இரத்தம் முழுவதும் போகவில்லை.

அவர் மச்சானிடம், காலையில் எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டார். சும்மா கேட்பதுபோல்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல், ஒக்டோபரில் சந்திக்கப் போகிறோம் போலிருக்கிறதே, எல்லாம் படித்தாகிவிட்டதா, நல்ல குடும்பம் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். நான் அந்த இறைச்சித் துண்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அது இலஞ்சமா, மிரட்டலா, அல்லது இரண்டையும் சிக்கனமாக ஒரே துணியில் சுற்றியதா என்று எடை போட்டேன். நல்லது நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டு மேட்டுக்கு ஓடிப் போய்த் தொலைபேசி எடுப்பதுதான் என் திட்டமாக இருந்தது. எங்கள் குடிலில் சிக்னல் இல்லை; மேட்டில்தான் கிடைக்கும்.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. அவரை நேரே பார்த்து, தன் குசினி ஜேர்மனில் சொன்னான்:

“நான் கீழே புதர்ப் பக்கம் போனேன். அங்கே ஒரு பெண்மான் கிடக்கிறது, கிளைகளால் மூடியிருக்கிறது. சாப்பிட்டு முடிந்ததும் மேட்டுக்குப் போய்க் காவலருக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் வேறு யாராவது சொல்வதென்றால் நேரம் இருக்கிறது.”

ஒருவருக்கு இப்படி அவகாசம் கொடுக்க எந்த விதியும் இடம் தரவில்லை. அதுவும் யாருக்கு! மர ஆலைக்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். இறங்கிப் போனார்.

மச்சான் சோறும் பருப்பும் போட்டு வைத்தான். அவர் இப்போது மேட்டுக்கு வேறு வழியால் ஏறிக்கொண்டிருப்பார், உன் பெயரைச் சொல்லப் போகிறார், இரத்தம் தோய்ந்த சட்டையைக் கண்ணால் கண்ட சாட்சி அவர்தான், அங்கே போனதையும் நீயே சொல்லிவிட்டாய் என்றேன். மச்சான் தட்டை வழித்துக்கொண்டே சொன்னான்:

“ஓம், சொல்லலாம்.”

“அப்ப?”

“சொன்னால் சொல்லட்டும் அத்தான். பயந்து பயந்து அவருக்கு முன்னாலை போய் இருக்கிறதைவிட உது பரவாயில்லை.”

மேட்டுக்கு ஏறினோம். காவலர் தொலைபேசியை எடுத்தார். மச்சான் இடத்தைச் சொல்லத் தொடங்கியதுமே, தெரியும், ஏற்கெனவே செய்தி வந்துவிட்டது, நான் வழியில்தான் இருக்கிறேன், அங்கே வந்து நில்லுங்கள் என்றார். யார் சொன்னது என்று கேட்க நான் சைகை செய்தேன். மச்சான் கேட்கும் முன் இணைப்பு அறுந்தது.

புதரடிக்கு இறங்கிப் போகும் வழியெல்லாம் நான் வழக்கறிஞர்களை நினைத்துக்கொண்டு போனேன். சோலோதுர்ன் நகரில் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார். நல்லவர், ஆனால் விவாகரத்துதான் பார்ப்பார்.

மர ஆலைக்காரர் அங்கே முதலே நின்றார். கிளைகளை அகற்றி மானை வெளியில் இழுத்துப் போட்டிருந்தார். காவலர் நாயோடு வந்து, மானைப் பார்த்து, மடியை அழுத்திப் பார்த்து, எங்கள் மூவரின் துவக்குகளையும் கேட்டார். முதலில் மச்சானுடையதை வாங்கினார். குழலை மணந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரியாதையான ஒரு மனிதனின் துவக்கை இப்படி மணக்கலாமா என்று தோன்றியது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் கோபம் அடங்கியது.

பிறகு காவலர் மச்சானிடம், காலையில் கண்டதை ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டார். நான் பயந்த கேள்வி அதுதான். மச்சான் வாயைத் திறந்தான். ஆனால் பதில் மர ஆலைக்காரரிடமிருந்து வந்தது.

“எனக்காகக் காத்திருந்தார்” என்றார். “நான் சொல்ல வேண்டியதை நானே சொல்லட்டும் என்று.”

சுட்டதும் மூடியதும் தானேதான் என்று அவர் காவலரிடம் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். கிழவன் மங்கல் வெளிச்சத்தில் மடியைக் காணவில்லை என்று ஊர் சிரிக்கும், அதனால் மறைத்தேன் என்று இப்போது முழுவதையும் சொன்னார். தகப்பனும் பாட்டனும் சுட்ட மலையில் நின்று அதைச் சொன்னார். காவலர் எழுத வேண்டியதை எழுதினார். மறைத்ததால் தண்டனை சின்னதாக இருக்காது என்று மர ஆலைக்காரருக்கும் தெரிந்திருந்தது. காவலரும் அவருமாக மானைச் சுமந்து இறங்கினார்கள். மச்சான் ஒரு பக்கம் பிடிக்கப் போனான். மர ஆலைக்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

அதன் பிறகு நாங்கள் ஒன்றும் சுடவில்லை. குடிலைப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். ஒக்டோபர் வரை நான் சரியாகத் தூங்கவில்லை. உண்மை சொன்ன மனிதன் மன்னித்தும் விட்டான் என்று அர்த்தமில்லை. மர ஆலைக்காரரின் வேட்டை அனுமதி போகப் போகிறது; அதற்குக் காரணம், அவர் எதிரில் கோட் போட்டுக்கொண்டு வந்து இருக்கப் போகும் என் மச்சான்.

நேர்முகத்தன்று குடும்பம் உள்ளே போனதும் மர ஆலைக்காரர் எழுந்தாராம். இந்த விண்ணப்பத்தில் தான் கலந்துகொள்ள முடியாது என்று தலைவரிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாராம். விலகுவதற்கு விதி இருக்கிறது. சொந்தம், பகை, வியாபாரம் இருந்தால் விலக வேண்டும். ஆனால் நல்லெண்ணத்தால் விலகினாரா, தன் ஆதரவு கிடைக்கக் கூடாது என்று விலகினாரா என்று நான் மனைவியோடு பல இரவுகள் வாதித்தேன். அவள் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்துவிடுவாள். மீதி ஆட்கள் குப்பை எடுக்கும் நாளையும், ஊர்ச் சங்கங்களையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சில கிழமைகளில் ஊரின் சம்மதம் கடிதத்தில் வந்தது.

மச்சான் ஒரு பெரிய பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்து மர ஆலைக்குக் கொண்டுபோனான். முடிவு வந்த பிறகு கொடுக்கும் தின்பண்டம் சட்டப்படி இலஞ்சமாகுமா என்று பார்த்துவிட்டுத்தான் நானும் கூடப் போனேன். ஆகாது. அவன் உள்ளே வேலையாட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மர ஆலைக்காரர் கையில் ஒரு ரோலோடு என் கார் ஜன்னலடிக்கு வந்தார். நான் நன்றி சொன்னேன். அவர் ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினார்.

“நான் அந்த அறையில் இருந்திருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்” என்றார். “ஆதரவாகக் கையைத் தூக்கவே மனம் வந்திருக்காது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் வெளியே போனேன்.”

சொல்லிவிட்டு மீதி ரோலையும் சாப்பிட்டார். இவ்வளவு காலத்தில் ஒரு சுவிஸ்காரர் சொன்னதை மறுபடி யோசித்துப் பார்க்காமல் நான் நம்பியது அப்போதுதான்.

மச்சான் வெறும் பெட்டியோடு வந்து காரில் ஏறினான். ஊரை விட்டு வெளிக்கிட்டதும் கேட்டான்:

“என்னவாம் அத்தான்? என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

“மிளகு கொஞ்சம் கூடவாம்.”

அவன் யோசித்தான். “ஓம், நானும் நினைச்சனான்” என்றான்.